மண் மாதிரி பிசகும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஃபினைட் எலிமெண்ட் மென்பொருளில் (மண்ணை எலிமெண்ட் எனும் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது) பள்ளம், கரை, அடித்தளம் என்று எதைக் கொடுத்தாலும் விடை ஒன்று வந்துவிடும். அழகான வண்ணப் படமும் வரும். தவறான அளவுருக்களுக்கும் அதே வண்ணங்கள்தான். அதனால் பிழையைப் படத்தில் தேடக்கூடாது. அறிகுறியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும். மோர்-கூலம், ஹார்டனிங் சாயில், மாடிஃபைட் கேம்-கிளே ஆகிய மண் மாதிரிகளில், அதாவது மண்ணின் நடத்தையைச் சொல்லும் சமன்பாட்டு மாடல்களில், அடிக்கடி வரும் கோளாறுகள் கீழே உள்ளன. கான்கிரீட்டுக்கும் எஃகுக்கும் உரியவை கடைசிக்கு முந்தைய பகுதியில்.

எதற்கும் முன்பு: ஒரே ஒரு எலிமெண்ட்

அறிகுறி எதுவானாலும் முதல் வேலை இதுதான். முழு மாதிரியை மூடிவைத்துவிட்டு, ஆய்வக டிரைஆக்ஸியல் சோதனையை (உருளைத் துண்டைச் சுற்றிலும் நீரால் அழுத்தி, மேலிருந்து நசுக்குவது) நகலெடுக்க, 1 மீ. × 1 மீ. அச்சுச்சமச்சீர் எலிமெண்ட் ஒன்றை எடுங்கள். இடப்பக்கமும் அடியும் உருளைத் தாங்கி. முதல் கட்டத்தில் மேற்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் செல் அழுத்தம், அதாவது சுற்றியுள்ள நீரின் அழுத்தம். அடுத்த கட்டத்தில் மேல் விளிம்பை 15 முதல் 20 சதவீதத் திரிபு வரை கீழே தள்ளுங்கள். ஆய்வகத்தில் செய்த மூன்று செல் அழுத்தங்களுக்கும் இதையே திரும்பச் செய்து, இரண்டு வரைபடங்களை ஆய்வகத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள்: டீவியேட்டர் தகைவுக்கு (செல் அழுத்தத்துக்கு மேல் கூடும் அச்சுத்தகைவு) எதிராக அச்சுத்திரிபு, துளைநீர் அழுத்தத்துக்கு எதிராக அச்சுத்திரிபு. டிரெயின்ட் (நீரை வடியவிடும்) சோதனை என்றால் இரண்டாவதற்குப் பதில் கனஅளவு மாற்றம். பிளாக்ஸிஸ் மென்பொருளில் இதற்கென்றே சாயில் டெஸ்ட் வசதி இருக்கிறது. அரை மணி நேர வேலை.

முதல் வரைபடம் மட்டும் பொருந்தினால் திருப்தி அடையாதீர்கள். வலிமை சரியாகவும் துளைநீர் அழுத்தம் தவறாகவும் இருக்கும் மாதிரிதான் பின்னால் பெரிய சேதம் செய்யும்.

கூடவே அலகுகள். இந்தியாவில் பல ஆய்வக அறிக்கைகள் இன்னும் கிலோ/ச.செ.மீ. கணக்கில் வருகின்றன. 1 கிலோ/ச.செ.மீ. என்பது 98.07 கிலோபாஸ்கல். குறியும் ஒரு பொறி: மண் பொறியாளருக்கு அமுக்கம் நேர்மறை, பிளாக்ஸிஸ் போன்ற பல மென்பொருள்களுக்கு அது எதிர்மறை.

அறிகுறி 1: ஒற்றை எலிமெண்ட்டின் தொடக்கச் சாய்வு ஆய்வக வளைவோடு ஒத்துவரவில்லை

முதலில் ஆய்வக வளைவைச் சந்தேகப்படுங்கள். 38 மி.மீ. விட்டம், 76 மி.மீ. உயரம் கொண்ட மாதிரித் துண்டில், மேல்மூடிக்கும் மண்ணுக்கும் இடையே 0.1 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். அது மட்டுமே 0.13 சதவீதப் பொய்த் திரிபு. விறைப்பான களிமண்ணில் நமக்கு வேண்டிய விறைப்பே 0.1 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கிறது. வெளியே பொருத்திய டயல் கேஜ் அந்தப் பகுதியைக் காட்டவே காட்டாது. வளைவின் தொடக்கம் முதலில் தட்டையாகக் கிடந்து பிறகு நிமிர்ந்தால் இதுதான் காரணம். நேரான பகுதியைப் பின்னோக்கி நீட்டி, அது திரிபு அச்சை வெட்டும் இடத்தைப் புது பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளுங்கள். துண்டின் பக்கவாட்டிலேயே ஒட்டும் அளவிகள் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, பரப்புத் திருத்தம் செய்தார்களா? 38 மி.மீ. துண்டின் தொடக்கப் பரப்பு 11.34 ச.செ.மீ.; அன்டிரெயின்ட் (நீரை வடியவிடாத) சோதனையில் 10 சதவீதத் திரிபில் அது 12.60 ஆகிவிடும். திருத்தாமல் விட்டால் தகைவு 11 சதவீதம் கூடுதலாகத் தெரியும். இந்தியத் தரவிதி ஐ.எஸ். 2720 பகுதி 12-ன்படி துளைநீர் அழுத்தம் அளந்த சோதனை என்றால் ஸ்கெம்ப்டனின் பி மதிப்பையும் கேட்டு வாங்குங்கள். வடிகாலை மூடிவிட்டுச் செல் அழுத்தத்தை 50 கிலோபாஸ்கல் உயர்த்தினால், மென்மையான களியில் துளைநீர் அழுத்தம் குறைந்தது 47.5 உயர வேண்டும், அதாவது பி 0.95. அதற்குக் கீழே என்றால் துண்டில் காற்று இருக்கிறது. அந்தத் துளைநீர் அளவீடுகளை வைத்து எதையும் கணிக்க முடியாது.

ஆய்வகத்தில் குறையில்லை என்றால் நம் உள்ளீடுதான் தவறு. ஹார்டனிங் சாயில் மாதிரியில் மிக அதிகம் காணப்படுவது ஒப்பீட்டு அழுத்தக் குழப்பம். அந்த மாதிரி கேட்கும் இ-50 (உச்ச வலிமையின் பாதியில் எடுத்த விறைப்பு) மதிப்பு 100 கிலோபாஸ்கல் செல் அழுத்தத்துக்கு உரியது. ஆய்வகத்தில் 300-ல் கிடைத்ததை அப்படியே போட்டால், கோஹிஷன் (ஒட்டுவலிமை) பூஜ்ஜியமாக இருக்கும் மணலில், அடுக்கு எண் (அழுத்தத்தோடு விறைப்பு கூடும் படி) 0.5 என்ற கணக்கில், மண் 1.73 மடங்கு விறைத்துவிடும். அடுக்கு எண் 1 ஆக இருக்கும் மென்களியில் முழுசாக 3 மடங்கு. மூன்று செல் அழுத்தங்களில் ஒன்று மட்டும் பொருந்தி மற்ற இரண்டும் விலகினால், பிழை அடுக்கு எண்ணில் இருக்கிறது.

மென்களிக்கு ஈடோமீட்டர் விறைப்பையும் (பக்கவாட்டில் விரியவிடாமல் அமுக்கும்போதுள்ள விறைப்பு) தனியாகச் சரிபாருங்கள். அமுக்கக் குறியெண் 0.9, தொடக்க வெற்றிட விகிதம் 2.0 என்று வைத்துக்கொள்வோம். 0.9-ஐ 2.303-ஆல் வகுத்தால் 0.391, அதை 1 + 2.0-ஆல் வகுத்தால் 0.130. 100-ஐ இதனால் வகுத்தால் ஏறத்தாழ 770 கிலோபாஸ்கல். ஆயிரத்துக்கும் கீழான இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து, பலர் கூடவே ஒரு சுழியைச் சேர்த்துவிடுகிறார்கள். சேர்க்காதீர்கள், மென்களி அப்படித்தான். இ-50 இதைவிட மிகப் பெரிதாக இருந்தால் மென்பொருளே உள்ளீட்டை மறுக்கும்; அப்போது விட்டுக்கொடுக்க வேண்டியது இ-50, ஈடோமீட்டர் மதிப்பு அல்ல.

அறிகுறி 2: மென்களியில் தோண்டுகிறோம், சுவர் அசைவு ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு

இந்தப் பட்டியலில் மிகக் கொடியது இது. வேறு பிழைகள் ஏதாவது ஒரு வகையில் கத்திவிடும். இது சத்தமே போடாது. கணக்கு ஒருங்கும், சுவர் அசைவு குறைவாக இருக்கும், எல்லோருக்கும் மகிழ்ச்சி.

நடப்பது இதுதான். அன்டிரெயின்ட் பகுப்பாய்வில் மோர்-கூலம் மாதிரிக்குப் பயனுறு (துளைநீர் அழுத்தத்தைக் கழித்த தகைவுக்குரிய) அளவுருக்களான உராய்வுக் கோணத்தையும் கோஹிஷனையும் கொடுக்கிறோம். விளைவுத் தளத்துக்குள் (மண் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லைக்குள்) அந்த மாதிரி வெறும் மீள்பொருள். கனஅளவு மாறாது என்பதால் தளத்திரிபில் (நீளவாக்கில் திரிபு இல்லாத நிலை) பெரிய, சிறிய பயனுறு தகைவுகளின் சராசரி நகரவே நகராது. தகைவுப் பாதை செங்குத்தாக மேலே ஏறி, உராய்வுக் கோட்டில் முட்டும் இடம்தான் வலிமை. உண்மையான நார்மலி கன்சாலிடேட்டட் (இப்போதுள்ளதைவிடப் பெரிய சுமையை முன்பு கண்டிராத) களி அப்படிச் செய்யாது. நறுக்கும்போது சுருங்கப் பார்க்கும்; சுருங்க முடியாததால் துளைநீர் அழுத்தம் எகிறும்; பாதை இடப்பக்கம் வளைந்து கோட்டின் தாழ்வான இடத்தில் முட்டும்.

எண்ணில் பார்ப்போம். உராய்வுக் கோணம் 24 பாகை, கோஹிஷன் 0. 24 பாகையின் சைன் 0.407. ஜாக்கியின் விதிப்படி கே-நாட் (பக்கவாட்டு, செங்குத்துப் பயனுறு தகைவுகளின் விகிதம்) 1 − 0.407 = 0.593. சராசரித் தகைவு செங்குத்துப் பயனுறு தகைவின் 0.797 மடங்கு. அதை 0.407-ஆல் பெருக்கினால் அன்டிரெயின்ட் வலிமை விகிதம் 0.324. இப்படிப்பட்ட களியில் வேன் சோதனை (களியில் இறக்கைகளைச் செருகித் திருகுவது) 0.22-ஐ ஒட்டிய எண்ணைத் தருவது சாதாரணம். நீர்மட்டம் தரையிலேயே இருக்கும் 16 கிலோநியூட்டன்/கன மீட்டர் எடையுள்ள களியில், 10 மீ. ஆழத்தில் பயனுறு தகைவு 62 கிலோபாஸ்கல். மாதிரி நம்பும் வலிமை 20. களத்தில் இருப்பது 13.6. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பொய்.

சிங்கப்பூரில் இது ஏட்டுக் கணக்காக நிற்கவில்லை. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி, சர்க்கிள் லைன் ரயில் சுரங்கத்துக்காகக் கடல்களியில் தோண்டிய 30 மீட்டர் ஆழப் பள்ளம் இடிந்து விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு சுட்டிய வடிவமைப்புத் தவறுகளில் இரண்டு முக்கியமானவை: ஸ்ட்ரட்டும் (சுவர்களுக்கு இடையே முட்டுக்கொடுக்கும் எஃகு) வேலரும் (சுவரோரக் கிடைவிட்டம்) சேரும் இணைப்பு தேவையான தாங்குதிறன் இல்லாமல் வடிவமைக்கப்பட்டது, மண்ணுக்கு, இப்போது உலகமே 'மெத்தட் ஏ' என்று சொல்லும், மேலே விவரித்த அதே முறை பயன்பட்டது. மிகை வலிமையால் சுவர் அசைவும் வளைவுத் திருப்புத்திறனும் குறைவாகக் கணிக்கப்பட்டன.

கண்டுபிடிக்கும் வழி: பள்ளத்தின் அடியிலும் சுவருக்குப் பின்னாலும் இரண்டு மூன்று தகைவுப் புள்ளிகளைத் தேர்ந்து, கட்டம் கட்டமாகத் தகைவுப் பாதையை வரையுங்கள். நார்மலி கன்சாலிடேட்டட் களியில் பாதை நேர் செங்குத்தாக ஏறினால் பிழை உறுதி. பிறகு அந்தப் புள்ளிகளில் மாதிரி தாங்கும் உச்ச வலிமையை எடுத்து, வேன் அல்லது கோன் சோதனையின் ஆழவாரி வரைபடத்தின் மேல் போடுங்கள். மாதிரிக் கோடு வலப்பக்கம் விலகி நின்றால் அதே நோய்.

திருத்தம் இரண்டு வகை. எளிய வழி 'மெத்தட் பி': விறைப்புக்குப் பயனுறு அளவுரு, வலிமைக்கு நேரடியாக அன்டிரெயின்ட் வலிமை, உராய்வுக் கோணம் 0, வலிமை ஆழத்தோடு கூடுமாறு சரிவு. இதில் துளைநீர் அழுத்தத்தை நம்பக்கூடாது. இறுகல் (நீர் வடிந்து மண் சுருங்கும்) கட்டங்களில் வலிமை தானாக உயரவும் செய்யாது. இன்னொரு வழி, சுருங்கும் தன்மையைச் சொல்லத் தெரிந்த மாதிரி. மேலே சொன்ன அதே களிக்கு, கப்பாவுக்கும் (சுமை இறங்கும்போதுள்ள அமுக்கச் சாய்வு) லாம்டாவுக்கும் (முதல்முறை ஏறும்போதுள்ள சாய்வு) விகிதம் 0.2 என்றால், மாடிஃபைட் கேம்-கிளே கே-நாட் நிலையிலிருந்து டிரைஆக்ஸியல் அமுக்கத்தில் தருவது 0.25. இதிலும் ஒரு கண் வைத்திருங்கள். பல மென்பொருள்களில் அதன் விளைவுத் தளம் வட்ட வெட்டுமுகம் கொண்டது. தளத்திரிபில் அதே அளவுருக்கள் இதைவிட 15 சதவீதம் கூடுதல் வலிமை காட்டும். ஹார்டனிங் சாயிலும் தானாகச் சரியான வலிமையைத் தராது. எந்த மாதிரியானாலும் ஒற்றை எலிமெண்ட்டில் வலிமையை எடுத்து, வேன் சோதனையோடு ஒப்பிட்ட பிறகே பள்ளத்துக்குள் விடுங்கள்.

அறிகுறி 3: தோண்டத் தோண்டச் சுவருக்குப் பின்னால் தரை எழும்புகிறது

களத்தில் சுவருக்குப் பின்னால் தரை இறங்கும். மாதிரியில் சுவரும் பக்கத்துக் கட்டடமும் சேர்ந்து மேலே மிதந்தால், பெரும்பாலும் மோர்-கூலத்தின் ஒற்றை விறைப்புதான் குற்றவாளி. சுமை ஏற்றும்போது கிடைத்த இ-50 மதிப்பையே, சுமை இறங்கும் பள்ளத்தின் அடிமண்ணுக்கும் கொடுத்திருக்கிறோம்.

சோதனை எளிது. மெஷ்ஷின் (எலிமெண்ட் வலையின்) அடி எல்லையைப் பள்ள ஆழத்தின் 2 மடங்கிலிருந்து 3 மடங்குக்கு இறக்குங்கள். பள்ள அடியின் புடைப்பும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கூடினால் நோய் உறுதி. 10 மீ. தோண்டினால் 180 கிலோபாஸ்கல் இறங்குகிறது. அடியில் 20 மீ. மண், விறைப்பு 15 மெகாபாஸ்கல் என்றால், ஒருபரிமாணத் தோராயத்தில் 24 செ.மீ. புடைக்கும். எல்லையை எங்கே வைக்கிறீர்களோ அதைப் பொறுத்து விடை மாறுகிறது என்றால் அது விடையே இல்லை.

ஹார்டனிங் சாயிலுக்கு மாறி, இறக்கு-மறுஏற்று விறைப்பை இ-50-ன் 3 மடங்காக, 45 மெகாபாஸ்கலாக வையுங்கள். புடைப்பு 8 செ.மீ. ஆகும். அப்போதும் கூடுதலாகத் தெரிந்தால் சிறுதிரிபு விறைப்பைச் சேர்க்க வேண்டும். ஆழத்தில் உள்ள மண் மிகச் சிறிய திரிபையே காண்கிறது. அங்கே அது இன்னும் விறைப்பானது. நறுக்கு அலைவேகம் 150 மீ./விநாடி, அடர்த்தி 1.7 டன்/கன மீட்டர் என்றால், ஜி-நாட் (மிகச் சிறு திரிபில் நறுக்குக் குணகம்) = 1.7 × 150 × 150 = 38,250 கிலோபாஸ்கல். இறக்கு விறைப்பிலிருந்து வரும் நறுக்குக் குணகம் 45-ஐ 2.4-ஆல் வகுக்க 18.75 மெகாபாஸ்கல். ஜி-நாட் அதைவிடப் பெரிதாக இருக்கிறது, சரி. சிறிதாக வந்தால் இரண்டில் ஒன்று தவறு. இதில் அலைவேகம் அளந்ததா, எஸ்.பி.டி. (குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கும் களச் சோதனை) எண்ணிலிருந்து ஊகித்ததா என்று முதலில் பாருங்கள்.

அறிகுறி 4: சுமை ஏறிக்கொண்டே போகிறது, மண் உடையவே இல்லை

காரணம் இரண்டில் ஒன்று.

ஒன்று, விரிவுக் கோணம் (நறுக்கும்போது மண் எவ்வளவு விரியும் என்பது). அன்டிரெயின்ட் பகுப்பாய்வில் அதற்குப் பூஜ்ஜியத்தைவிடப் பெரிய மதிப்பு கொடுத்தால், மண் விரியப் பார்க்கும். முடியாததால் துளைநீர் அழுத்தம் எதிர்மறையாகிக்கொண்டே போகும். பயனுறு தகைவு கூடும். வலிமைக்கு முடிவே இருக்காது. 2 பாகை போதும், கதை முடிந்தது. உண்மை மண்ணில் வளிமண்டலத்துக்குக் கீழே சுமார் 100 கிலோபாஸ்கல் உறிஞ்சல் வந்ததும் நீரில் குமிழி கிளம்பி இது நின்றுவிடும். மாதிரிக்கு அது தெரியாது. அன்டிரெயின்ட் என்றால் விரிவுக் கோணம் 0. நெருக்கமான மணலில் டிரெயின்ட் நிலைக்கு, உராய்வுக் கோணத்திலிருந்து 30 பாகையைக் கழிப்பது நல்ல தொடக்கம்: 36 என்றால் 6.

இன்னொன்று எலிமெண்ட் பூட்டிக்கொள்வது. கனஅளவு மாறக்கூடாது என்ற கட்டுப்பாட்டை மூன்று கணு முக்கோணம் போன்ற எளிய எலிமெண்ட்டால் தாங்க முடியாது. நகர வழியின்றி விறைத்து நிற்கும். இதைப் பிடிக்கப் பிராண்ட்லின் துல்லிய விடை நம் கையில் இருக்கிறது. எடையில்லாத களியில் 2 மீ. அகலப் பட்டை அடித்தளம், அன்டிரெயின்ட் வலிமை 20 கிலோபாஸ்கல். தாங்குதிறன் 5.14 × 20 = 102.8. உங்கள் மெஷ் 105 தந்தால் நல்ல மெஷ். 115 தந்தால் விளிம்புகளில் நெருக்குங்கள். வளைவு சமப்படாமல் 130-ஐத் தாண்டினால் எலிமெண்ட் வகையையே மாற்ற வேண்டும்: 15 கணு முக்கோணம், அல்லது குறைத்த தொகையீடு கொண்ட 8 கணு நாற்கரம். அச்சுச்சமச்சீர் கணக்குகளில் 6 கணு முக்கோணத்தையும் நம்பாதீர்கள். அங்கே பூட்டிக்கொள்ளும் பிரச்சினை இன்னும் மோசம்.

அறிகுறி 5: முதல் கட்டத்திலேயே கணக்கு நின்றுவிடுகிறது

இதற்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை. வரிசையாகப் பாருங்கள்.

சரிவான தரைக்கு கே-நாட் முறையில் தொடக்கத் தகைவு போட்டிருந்தால் அது சமநிலையில் இருக்காது. தன்னெடை ஏற்றும் முறைக்கு மாறுங்கள். அங்கே கே-நாட்டைத் தீர்மானிப்பது பாய்சான் விகிதம். 0.593 வேண்டும் என்றால் 0.593-ஐ 1.593-ஆல் வகுத்து 0.37 கொடுக்க வேண்டும்; வழக்கமான 0.3 கொடுத்தால் 0.43 தான் கிடைக்கும். தொடக்கக் கட்டம் முடிந்ததும் இடப்பெயர்ச்சிகளைப் பூஜ்ஜியமாக்க மறக்காதீர்கள்.

அன்டிரெயின்ட் பாய்சான் விகிதத்தை 0.5 என்று கொடுத்திருந்தால் பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொல்கிறீர்கள். 0.495 போதும்.

கேம்-கிளேயில் தரைமட்டத்தைப் பாருங்கள். விறைப்பு சராசரிப் பயனுறு தகைவோடு நேர்விகிதம் என்பதால், தரையில் அது பூஜ்ஜியம். சராசரித் தகைவு 1 கிலோபாஸ்கல், வெற்றிட விகிதம் 2, கப்பா 0.05 என்றால் கனஅளவுக் குணகம் வெறும் 60 கிலோபாஸ்கல். கூழ். மேலே ஒரு மீட்டரை மோர்-கூலம் அடுக்காக்கிவிடுங்கள். களத்திலும் அங்கே வெயிலில் காய்ந்த ஓடு இருப்பதால் இது உண்மைக்கும் பொருந்தும்.

கோஹிஷன் சரியாக 0 என்றால் 0.5 கிலோபாஸ்கல் கொடுத்துப் பாருங்கள். அதில் ஓடினால் பிரச்சினை மேற்பரப்பில்.

வலிமை குறைப்புக் கணக்கில் (வலிமையைப் படிப்படியாகக் குறைத்து உடையும் இடத்தைத் தேடுவது) பாதுகாப்புக் காரணி மேலும் கீழும் ஆடினால், உராய்வுக் கோணத்துக்கும் விரிவுக் கோணத்துக்கும் உள்ள இடைவெளிதான் காரணமாக இருக்கும். 40 பாகையும் 0-வும் சேர்ந்தால் எண்முறைக்குக் கஷ்டம். ஆட்டத்தின் உச்சியைக் காரணியாக எழுதிவிடாதீர்கள்.

அறிகுறி 6: கேம்-கிளே அமிழ்வு பல மடங்கு தவறு

2.3 மடங்கு என்றால் மடக்கைக் குழப்பம். லாம்டா இயல் மடக்கையில், அமுக்கக் குறியெண் 10 அடிமான மடக்கையில். வகுக்க மறந்தால் அமிழ்வு 2.3 மடங்கு, இரண்டு முறை வகுத்தால் அதே அளவு குறைவு.

வேறு எண் என்றால் வெற்றிட விகிதத்தைப் பாருங்கள். அபாகஸ் போன்ற மென்பொருள்கள் தொடக்க வெற்றிட விகிதத்தோடு, சராசரித் தகைவு ஓரலகாக இருக்கும்போதுள்ள வெட்டுத்துண்டையும் கேட்கலாம். 60 கிலோபாஸ்கலில் நார்மலி கன்சாலிடேட்டடாக, வெற்றிட விகிதம் 2.0 ஆக, லாம்டா 0.39 ஆக இருக்கும் களிக்கு அது 2.0 + 0.39 × 4.094 = 3.60. அங்கே 2.0-ஐயே போட்டுவிட்டால் மாதிரி களியை வேறு மண்ணாகவே எடுத்துக்கொள்ளும். மாதிரி முழுவதும் பாஸ்கலில் இருந்தால் இதே வெட்டுத்துண்டு 6.29. அலகை மாற்றும்போது இந்த எண்ணும் மாற வேண்டும் என்பது எளிதில் கண்ணில் படாது.

அறிகுறி 7: இறுகல் கணக்கில் துளைநீர் அழுத்தம் ரம்பப்பல் போல ஏறி இறங்குகிறது

பெரிய நேரப்படி தவறு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இங்கே நேர்மாறு: படி மிகச் சிறிது. வடியும் எல்லையை ஒட்டிய எலிமெண்ட்டின் உயரத்தை வர்க்கித்து, இறுகல் கெழுவின் 6 மடங்கால் வகுத்தால் வருவது, நேரியல் எலிமெண்ட்டுக்கான குறைந்தபட்ச நேரப்படி. வெர்மீரும் வெருயிட்டும் 1981-ல் காட்டியது. எலிமெண்ட் 0.5 மீ., கெழு ஆண்டுக்கு 1 ச.மீ. என்றால் 0.042 ஆண்டு, 15 நாள். முதல் நாளின் அழுத்தம் வேண்டுமென்றால் படியைக் குறைக்காதீர்கள், எல்லையோரத்தில் எலிமெண்ட்டை மெலிதாக்குங்கள். 0.125 மீ. ஆக்கினால் ஒரு நாள் போதும்.

அறிகுறி 8: மெஷ்ஷை நெருக்கினால் விடை மாறுகிறது, கான்கிரீட் சீக்கிரம் உடைகிறது

உச்சத்துக்குப் பிறகு வலிமை குறையும் எந்தப் பொருளிலும் திரிபு ஒரே வரிசை எலிமெண்ட்டில் குவியும். மெஷ் மெலிந்தால் பட்டையும் மெலியும். உடைக்கத் தேவையான ஆற்றலும் குறையும். டயஃப்ரம் சுவரின் (தோண்டுமுன் மண்ணுக்குள் வார்க்கும் சுவர்) கான்கிரீட்டுக்குத் தகைவு-திரிபு வளைவைக் கொடுக்காமல், தகைவுக்கும் விரிசல் அகலத்துக்கும் உள்ள உறவைக் கொடுங்கள். சராசரி அமுக்க வலிமை 38 மெகாபாஸ்கல் என்றால் கான்கிரீட்டுக்கான ஃபிப் 2010 விதித்தொகுப்பின் சூத்திரம் மீட்டருக்குச் சுமார் 140 நியூட்டன் முறிவாற்றல் தரும். இழுவலிமை 2.9 என்றால், நேர்கோட்டுத் தளர்வில் விரிசல் 0.097 மி.மீ. திறக்கும்போது தகைவு பூஜ்ஜியம். 100 மி.மீ. எலிமெண்ட்டுக்கு அது 0.00097 திரிபு, 25 மி.மீ.-க்கு 0.0039. திரிபாகவே கேட்கும் மென்பொருளில், மெஷ்ஷை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த எண்ணையும் மாற்ற வேண்டும். மிகைஇறுகிய களியின் தளர்விலும் இதே சிக்கல்தான். அதற்குத் தயார் சூத்திரம் இல்லை; மூன்று மெஷ் அளவுகளில் ஓட்டி, விடை எவ்வளவு ஆடுகிறது என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.

எஃகில் வரும் பிழை வேறு. இழுவைச் சோதனையின் பொறியியல் தகைவை (தொடக்கப் பரப்பால் வகுத்தது) அப்படியே கொடுக்கிறார்கள். 0.15 திரிபில் 450 மெகாபாஸ்கல் என்றால் மெய்த்தகைவு 450 × 1.15 = 517.5. மெய்த்திரிபு 0.1398-லிருந்து மீள்திரிபு 0.0026-ஐக் கழித்தால் பிளாஸ்டிக் திரிபு 0.137. அட்டவணையின் முதல் வரியில் பிளாஸ்டிக் திரிபு 0 ஆக இருக்க வேண்டும்.

அறிகுறி 9: எல்லாம் சரி, ஆனால் களத்து இன்கிளினோமீட்டரோடு ஒத்துவரவில்லை

இன்கிளினோமீட்டர் என்பது சுவரின் பக்க அசைவை ஆழவாரியாக அளக்கும் குழாய்க் கருவி. இங்கே கை முதலில் போவது உராய்வுக் கோணத்துக்கு. நிறுத்துங்கள். ஒற்றை எலிமெண்ட்டில் ஒத்துவந்த வலிமையைக் களத்துக்காக வளைத்தால், அடுத்த கட்டத்தின் கணிப்பு கெட்டுப்போகும். மண்ணல்லாதவற்றை முதலில் பாருங்கள்.

வேலை நடந்த வரிசை: ஸ்ட்ரட் பொருத்துமுன் உண்மையில் எவ்வளவு ஆழம் தோண்டினார்கள்? வரைபடத்தில் அரை மீட்டர் என்று இருக்கும். களத்தில் இயந்திரம் நுழைவதற்காக ஒன்றரை மீட்டர் போயிருக்கும். சுவருக்குப் பின்னால் நிற்கும் கிரேனும் கம்பிக்கட்டுகளும் 10 முதல் 20 கிலோபாஸ்கல். நீர்மட்டம் போர்வெல் பதிவிலிருந்து எடுத்ததா, துளைநீர் அழுத்தம் அளக்கும் பீசோமீட்டரிலிருந்தா?

பிறகு ஸ்ட்ரட். 150 ச.செ.மீ. எஃகுக்கு அச்சுவிறைப்பு 30 லட்சம் கிலோநியூட்டன், 4 மீ. இடைவெளி என்றால் சுவரின் ஒரு மீட்டருக்கு 7.5 லட்சம். மென்பொருள் இடைவெளியைத் தனியாகக் கேட்டால் நீங்கள் வகுக்கக்கூடாது. கேட்காவிட்டால் வகுத்தே ஆக வேண்டும். இதில் தவறினால் ஸ்ட்ரட் 4 மடங்கு விறைப்பாகவோ 4 மடங்கு தளர்வாகவோ ஆகிவிடும். இணைப்பில் உள்ள இடைவெளியும் வெயிலால் நீளும் எஃகும் இதற்கு மேல்.

இவற்றுக்குப் பிறகும் விலகல் இருந்தால் விறைப்பை மாற்றலாம், அதுவும் எல்லா அடுக்குகளுக்கும் ஒரே காரணியால். 1.5 மடங்குக்கு மேல் மாற்ற வேண்டி வந்தால் அறிகுறி 2-க்குத் திரும்புங்கள்.

இன்கிளினோமீட்டரையும் விசாரிக்க வேண்டும். அதன் கணக்கு குழாயின் அடி அசையாது என்ற அனுமானத்தில் நிற்கிறது. குழாய் கடின அடுக்கில் புதையாமல் சுவரின் அடியோடு முடிந்திருந்தால், அடியே 15 மி.மீ. நகர்ந்தாலும் அறிக்கையில் அது 0 என்றுதான் வரும்; மேலே உள்ள ஒவ்வொரு அளவும் அதே 15 மி.மீ. குறைந்திருக்கும். குழாயின் தலையைத் தொலைவில் உள்ள நிலைப்புள்ளியிலிருந்து டோட்டல் ஸ்டேஷனால் அளந்து, அந்த வேறுபாட்டை வளைவு முழுவதிலும் சேர்த்த பிறகு மாதிரியோடு ஒப்பிடுங்கள்.